ஒரே சனிக்கிழமையில் இரண்டு ஆட்டம்

என் மகள் ஒன்பதாம் வகுப்பில் படித்த வருடம் இரண்டு கால்பந்து அணிகளுக்கு கோல்கீப்பராக இருந்தாள். ஒன்று பள்ளிக்கூட அணி. மற்றது, கழக்கூட்டம் பக்கம் ஒரு டர்ஃப் மைதானத்தில் பயிற்சி நடத்துகிற கிளப். அவள் கோல்கீப்பர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முன்னால் ஓடுகிற பத்துப் பேரில் ஒருத்தி வராவிட்டால் அவள் இடத்தை மற்றவர்கள் சேர்ந்து ஓடி நிரப்பிக்கொள்வார்கள். கோல்கீப்பர் வராவிட்டால் அப்படி முடியாது. அந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவே யாராவது ஒருத்தி போய் நின்றே ஆக வேண்டும். நான் செய்ததன் பாரம் யார் தலையில் விழுந்தது என்பது இதிலேயே இருக்கிறது.

அவளை கோல்கீப்பர் ஆக்கியது பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர். ஆறாம் வகுப்பிலேயே இவள் மற்றப் பிள்ளைகளைவிட ஒரு சாண் உயரம். யாரும் நிற்க விரும்பாத இடத்தில் டீச்சர் இவளைப் பிடித்து நிறுத்தினார். முதல் வருடம் முழுக்க முழங்கையும் முட்டியும் தோலுரிந்து வீட்டுக்கு வருவாள். நான் டெட்டால் போட்டுவிடுவேன், அவள் கத்துவாள், மறுநாள் காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். எட்டாம் வகுப்பில் ஒரு பள்ளி ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த கிளப் கோச், ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து பேசினார். இப்படித்தான் கிளப் வந்தது. டீச்சர் கண்ணுக்கு முன்னாலேயே நடந்த பேச்சு அது. அவர் பயிற்சிக்கு வைக்கிற கோன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலையாள நாட்டுத் தமிழர்கள் நாங்கள், வீடு வலியசாலையில். கணவருக்குச் சாலைக் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை. நான் ஒரு லேபில் டெக்னீஷியன். காலையில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்காக ஆறரைக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும், மூன்று மணிக்கு விட்டுவிடுவார்கள். அதனால் மகளை ஸ்கூட்டரில் மைதானம் மைதானமாகக் கொண்டு போவது என் வேலையானது. செவ்வாயும் வியாழனும் பள்ளிக்கூடம். புதன், சனி, ஞாயிறு கிளப். மழைக்காலத்தில் அவளுடைய இரண்டு ஜோடி கையுறைகளும் எங்கள் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் எப்போதும் காய்ந்துகொண்டிருக்கும். அந்த நாற்றம் சமையலறை முழுக்க இருக்கும்.

சண்டை தேதியில் தொடங்கவில்லை, பந்தில்தான் தொடங்கியது. பந்து கைக்கு வந்ததும் நீளமாக உதைத்து அனுப்பு என்பது டீச்சரின் பாடம். நீளமாக உதைக்காதே, பக்கத்தில் நிற்கிறவளுக்குக் காலால் தள்ளிவிடு, ஆட்டத்தைப் பின்னாலிருந்து கட்டு என்பது கோச்சின் பாடம். ஒரு பள்ளி ஆட்டத்தில் இவள் கிளப் பழக்கத்தில் பக்கத்துப் பிள்ளைக்குத் தள்ளிவிட, அந்தப் பிள்ளை எதிர்பார்க்காமல் நிற்க, எதிரணிக்காரி ஓடிவந்து கோல் அடித்துவிட்டாள். டீச்சர் கோட்டுக்கு வெளியே நின்று, "இது கிளப் இல்லை" என்று மலையாளத்தில் கத்தினார். அடுத்த வாரம் கிளப்பில் பயந்துபோய் நீளமாக உதைத்தாள். "இது ஸ்கூல் இல்லை" என்றார் கோச்.

ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது பின்னாலிருந்து சொன்னாள்: "அம்மா, இவங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு கீப்பர் வேணும். நான் ஒருத்திதானே இருக்கேன்."

நான் சிரித்தேன். அது சிரிக்க வேண்டிய விஷயம் இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அக்டோபரில் சப் ஜில்லா பள்ளிப் போட்டி வந்தது. அதில் ஜெயிக்கிற அணி ஜில்லாவுக்குப் போகும். அங்கிருந்து மாநில அளவுக்குப் போய்விட்டால் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கூடுதலாக கிரேஸ் மார்க் கிடைக்கும். ஒன்பதாம் வகுப்புக்காரிக்கு அது பெரிய விஷயமில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம். எங்கள் அணியில் நான்கு பேர் பத்தாம் வகுப்பு. அதில் ஒருத்தி கேப்டன். அவள் அப்பாவுக்குக் கட்டட வேலை, அம்மா ஒரு ஓட்டலில் சமையல். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள், கரமனையில் வாடகைக்கு இருந்தார்கள். அவள் பின்வரிசையில் ஆடுவாள். என் மகளுக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்பாள். அணியில் தமிழ் பேசுகிறவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். எதிரணிக்குப் புரியாமல் இருக்க ஆட்டத்தில் தமிழிலேயே ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

அரையிறுதியில் ஜெயித்தார்கள். இறுதி ஆட்டம் அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணி என்று முடிவானது. அன்று சாயங்காலமே கிளப் வாட்ஸ்ஆப் குழுவில் கோச்சின் செய்தி வந்தது. அதே சனிக்கிழமை எர்ணாகுளத்தில் லீக் ஆட்டம். முதல் கோல்கீப்பருக்குக் கணுக்கால் சுளுக்கு, அதனால் என் மகள் கட்டாயம் வர வேண்டும். பெரிய அணிகளிலிருந்து ஆள் பார்க்க வருகிறார்கள்.

கோச்சுக்கு ஃபோன் செய்து ஸ்கூல் ஃபைனல் இருப்பதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் பேசினார். "யோசிச்சு முடிவு பண்ணுங்க. ஆனா இந்த மேட்சுக்கு இல்லாத பிள்ளையை இந்த சீசன்ல நான் வேற மேட்சுக்கு எதிர்பார்க்க மாட்டேன்."

டீச்சரிடம் பேசவே எனக்குத் தைரியம் வரவில்லை. வருடத் தொடக்கத்திலேயே பெற்றோர் கூட்டத்தில் அவர் சொல்லியிருந்தார்: "கிளப்பில் விளையாடலாம். ஆனால் ஸ்கூல் ஆட்டத்தன்று கிளப்புக்குப் போகிற பிள்ளை, பிறகு ஸ்கூல் ஜெர்சியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்."

திங்கள், செவ்வாய், புதன் என்று நாட்கள் போயின. மகள் என் முகத்தைப் பார்ப்பாள், கேட்க மாட்டாள். வியாழக்கிழமை பள்ளிக்கூடப் பயிற்சிக்குப் போய் வழக்கம்போல விழுந்து புரண்டுவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை நான் லேபுக்குப் போகவில்லை. மத்தியானம் சோபாவில் உட்கார்ந்து டீச்சருக்கு மலையாளத்தில் ஒரு வாட்ஸ்ஆப் அனுப்பினேன். மகளுக்கு நேற்றிரவிலிருந்து கடும் காய்ச்சல், பிளேட்லெட் குறைந்திருக்கிறது, டாக்டர் எழுந்திருக்கவே கூடாது என்கிறார், மன்னிக்க வேண்டும். லேபில் வேலை செய்கிறவள் பிளேட்லெட் என்று எழுதினால் யார் சந்தேகப்படுவார்கள்? அது தெரிந்தேதான் அந்த வார்த்தையை எழுதினேன்.

அன்று அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. எனக்குத் தலைவலி, வீட்டில் துணைக்கு இரு என்று காலையிலேயே நிறுத்திவைத்திருந்தேன். அப்படியானால் சோபாவில் உட்காருவதற்கு முன்பே நான் முடிவு செய்திருக்கிறேன். இதை எழுதும்போதுதான் எனக்கே அது தெளிவாகத் தெரிகிறது.

டீச்சரிடமிருந்து உடனே பதில் வந்தது: "ஐயோ. பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அவளிடம் ஒன்றும் சொல்லி வருத்தப்படுத்த வேண்டாம்."

மகளிடம், "நாளைக்கு எர்ணாகுளம் போறோம், டீச்சர்கிட்டப் பேசிட்டேன்" என்றேன்.

"டீச்சர் சரின்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"சும்மாவா? சத்தம் போடலையா?"

"போடலை. நீ பேகை எடுத்து வை."

கணவரிடமும் அதையேதான் சொன்னேன். "நல்லதாப் போச்சு, அந்த டீச்சர் மனசுள்ளவங்கதான்" என்றார் அவர்.

மறுநாள் காலை ரயிலில் எர்ணாகுளம் போனோம். ஆட்டத்தில் நாங்கள் நான்கு கோல் போட்டு ஜெயித்தோம். பெரும்பாலான நேரம் என் மகள் சும்மாதான் நின்றாள். கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரே ஒரு பந்து இடது மூலைக்குப் போனது. உடம்பு முழுக்க நீட்டிப் பாய்ந்து விரல் நுனியால் தட்டி வெளியே தள்ளினாள். கிளப்பில் படம் எடுக்கிறவர் அந்த நொடியைப் பிடித்துவிட்டார். காற்றில் படுத்திருக்கிற மாதிரி இருந்தாள். ஆள் பார்க்க வந்தவர்கள் யார், அவர்கள் வந்தார்களா இல்லையா என்பது கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வருகிற ரயிலில் அந்தப் படத்தைக் கணவருக்கு அனுப்பினேன். எந்த யோசனையும் இல்லாமல், சந்தோஷத்தில் அனுப்பியதுதான். அவரும் அதே சந்தோஷத்தில் தன் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். 'என் மகள், எர்ணாகுளத்தில் இன்று' என்று கீழே எழுதியும் இருந்தார். மைதானத்தில் கோடு போடுகிற சுண்ணாம்புப் பொடியும் கோல் வலை கட்டுகிற நைலான் கயிறும் டீச்சர் வாங்குவது இவர் கடையில்தான். இவர் நம்பர் அவர் ஃபோனில் உண்டு என்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். கணவர் ஒரு துக்கம் கேட்க நாகர்கோவில் போயிருந்தார். மகள் உள்ளறையில் இருந்தாள். வாசலில் மணி அடித்தது. கதவைத் திறந்தால் கேப்டன். ஸ்கூல் ட்ராக் சூட், கையில் ஒரு பையில் ஆரஞ்சுப் பழம். வலது கையின் இரண்டு விரல்களைச் சேர்த்து பிளாஸ்டர் போட்டிருந்தாள்.

"ஆன்ட்டி, அவளுக்குப் பனி எப்படி இருக்கு?"

இங்கே காய்ச்சலைப் பனி என்றுதான் சொல்வார்கள். "இப்போ பரவாயில்ல மக்களே. தூங்குது" என்றேன். வாய் தானாகவே சொன்னது.

"எழுப்பாதீங்க ஆன்ட்டி. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். இதைக் குடுத்திருங்க."

"கையில என்ன?"

"ஒண்ணும் இல்ல. பந்து பட்டுச்சு. நான்தான் கோல்ல நின்னேன். வேற யாரும் நிக்க மாட்டேன்னுட்டாங்க." சொல்லிவிட்டுப் படியைப் பார்த்தாள். "மூணு கோல் போச்சு ஆன்ட்டி. தோத்துட்டோம். அவகிட்ட இப்பச் சொல்லாதீங்க. பனியோட கிடந்து அழுவா."

பின்னால் அறைக் கதவு திறந்த சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. என் மகள் வந்து என் பக்கத்தில் நின்றாள். முட்டியில் முந்தின நாள் சிராய்ப்பு அப்படியே இருந்தது.

"எனக்குப் பனி ஒண்ணும் இல்லக்கா" என்றாள். "நேத்து எர்ணாகுளத்துல இருந்தேன். கிளப் மேட்ச்."

கேப்டன் அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஜெயிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"ஜெயிச்சோம்."

"ம்" என்றாள். ஆரஞ்சுப் பையை என் கையில் கொடுக்கவில்லை, திரும்பவும் எடுத்துக்கொண்டு போகவில்லை. கதவோரம் செருப்புகளுக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்துவிட்டுப் படி இறங்கினாள்.

கதவைச் சாத்தியதும் மகள் கேட்டாள்: "டீச்சர் சரின்னு சொன்னாங்கன்னு சொன்னியே?"

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிளேட்லெட் வரைக்கும் சொன்னேன். அவள் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "உனக்காகத்தான்" என்று ஒரு முறை சொல்லப் பார்த்தேன். அது பாதி உண்மைதான் என்பதால் பாதியிலேயே நின்றுவிட்டது. டீச்சர் கத்துவதைக் கேட்க எனக்குப் பயம். கோச் முகம் சுளிப்பதைப் பார்க்கவும் பயம். இரண்டு பேரிடமும் நல்லவளாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு யாரிடம் என்ன சொல்லலாம் என்று பார்த்தேனே தவிர, யார் கோலில் நிற்பார்கள் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

தரையிலிருந்து எழுந்துகொண்டே அவள் சொன்னாள்: "எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சும்மா. டீச்சர் சும்மா விட மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? அதுக்கு மேல கேட்டா நீ உண்மையச் சொல்லிருவியோன்னுதான் கேக்கல."

சாயங்காலம் வந்த கணவரிடமும் சொன்னேன். அவருக்குக் கோபம் வருவது அபூர்வம். அன்று வந்தது. "நான் ஊரெல்லாம் படத்தைக் காட்டிக்கிட்டு நிக்கேன். என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?" என்றார். ஃபோனை எடுத்து ஸ்டேட்டஸை அழித்தார். அழிப்பதற்கு முன் யார் யார் பார்த்தார்கள் என்று எனக்குக் காட்டினார். டீச்சரின் பெயர் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலமே பார்த்திருக்கிறார்.

திங்கட்கிழமை லேபுக்கு லீவு போட்டுவிட்டு மகளோடு பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் விளையாட்டுச் சாமான்கள் வைக்கிற அறையில் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. அவர் பேசியது மலையாளத்தில். நினைவில் இருக்கிறபடி தமிழில் தருகிறேன்.

"படம் பார்த்தேன். நல்ல சேவ். இடது பக்கம் விழப் பயப்படுவாள், அந்தப் பயம் போய்விட்டது" என்றார் முதலில். என் மகள் அழ ஆரம்பித்தாள். என்னால் தலை நிமிர முடியவில்லை.

"நான் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. நீங்கள் வருகிறீர்களா என்று பார்த்தேன்."

"உண்மையைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பீர்களா டீச்சர்?" என்று கேட்டேன். தப்பிக்கக் கேட்டதில்லை. எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அவர் காற்றடிக்கிற பம்பைக் கீழே வைத்தார். "விட்டிருக்க மாட்டேன். கத்தியிருப்பேன். ஜெர்சியைக் கொடு என்று சொல்லியிருப்பேன். அப்படியும் நீங்கள் போயிருந்தால் எனக்கு ஐந்து நாள் கிடைத்திருக்கும். ஐந்து நாளில் ஒரு கோல்கீப்பரை உண்டாக்க முடியாது. ஆனால் விரல் ஒடியாமல் பந்தைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருப்பேன்."

விரல் ஒடிந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒன்றில் சின்ன விரிசல், மூன்று வாரத்தில் சரியாகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். எழுதுகிற கை. அந்த மூன்று வாரத்தில் அவளுக்குப் பத்தாம் வகுப்பு அரையாண்டுப் பாடமெல்லாம் எழுத வேண்டியிருந்தது.

டீச்சர் ஜெர்சியைத் திருப்பிக் கேட்கவில்லை. "டீமிடம் நீயே சொல்" என்று மட்டும் மகளிடம் சொன்னார். மதிய இடைவேளையில் அவள் சொன்னாள். நான் அங்கே இல்லை. பிறகு வீட்டில் கேட்டதற்கு, "சொன்னேன். யாரும் ஒண்ணும் பேசல. எல்லாரும் சோறு சாப்பிட்டாங்க" என்றாள்.

அன்றிலிருந்து கேப்டனின் நோட்டுகளை என் மகள் எழுதினாள். அப்படி ஒரு ஏற்பாட்டை நான் சொல்லவில்லை. கேப்டன் கேட்கவும் இல்லை. முதல் நாள் இவள் போய் நோட்டைக் கேட்டபோது, "வேண்டாம்" என்றாளாம். இரண்டாம் நாளும் வேண்டாம். மூன்றாம் நாள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டாளாம். மூன்று வாரம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் பத்தாம் வகுப்பு வேதியியலும் சமூக அறிவியலும் கிடந்தன. நான் உதவட்டுமா என்று ஒரு நாள் கேட்டேன். "வேண்டாம், கையெழுத்து மாறிப்போகும்" என்றாள் மகள்.

நான் கரமனைக்குப் போய் கேப்டனின் அம்மாவைப் பார்த்தேன். ஓட்டல் வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. அவர் மகள் வீட்டில் சொல்லவே இல்லை. "பந்து வெளாட்டுல கை ஒடியறது சகஜந்தான்னு சொல்லிச்சு" என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்து, "ஆனா நீங்க அப்படிச் செஞ்சிருக்கப்படாது" என்றார். டீ போட்டுக் கொடுத்தார். நான் குடித்தேன். அவர் மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை, நானும் அதை எதிர்பார்த்துப் போகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கேப்டன் பத்தாம் வகுப்பில் தேறினாள். அவள் ஆசைப்பட்ட பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் குரூப் கிடைக்கவில்லை, வேறொன்றில் காமர்ஸ் கிடைத்தது. அன்றைக்கு ஜெயித்திருந்தால், மாநிலம் வரை போயிருந்தால், அந்த மார்க்கும் சேர்ந்திருந்தால் கிடைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. நடுவில் எத்தனையோ ஆட்டங்கள் இருந்தன. எதில் வேண்டுமானாலும் தோற்றிருக்கலாம். கணவர் இதைச் சொல்லி என்னைத் தேற்றப் பார்ப்பார். கணக்கு சரிதான். ஆனால் அந்தச் சந்தேகம் அவளுக்கும் இருக்கும் அல்லவா? அதை அவள் தலையில் வைத்தது நான்.

அடுத்த வருடமும் தேதிகள் மோதின. இந்த முறை மூன்று வாரத்துக்கு முன்பே தெரிந்தது. மகள் கிளப் ஆட்டத்துக்குப் போவது என்று முடிவு செய்தாள். அவளே டீச்சரிடம் போய்ச் சொன்னாள். டீச்சர் சொன்னபடியே கத்தினார். வராந்தாவில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. நன்றி கெட்டவள் என்றார், உன்னை கோலில் நிறுத்தியதே நான் என்றார். மகள் நின்று கேட்டாள். கடைசியில் டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டு, "சரி, நாளையிலிருந்து எட்டாம் வகுப்பில் ஒருத்தி வருவாள். அவளுக்கு நீதான் பந்து எறிய வேண்டும்" என்றார்.

மூன்று வாரம் எறிந்தாள். வலது பக்கம், இடது பக்கம், தரையோடு, தலைக்கு மேலே. அந்தச் சின்னப் பிள்ளை முதல் வாரம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டே பாய்ந்தாள்.

சனிக்கிழமை நாங்கள் வெளியூரில் இருந்தோம். கிளப் ஆட்டம் டிராவில் முடிந்தது. பஸ் ஏறியதும் மகள் ஃபோனைத் திறந்தாள். பள்ளி அணி பெனால்டி ஷூட் அவுட்டில் ஜெயித்திருந்தது. எட்டாம் வகுப்புக்காரி இரண்டு பந்துகளைத் தடுத்திருந்தாள். பள்ளி அணியின் வாட்ஸ்ஆப் குழுவில் எல்லோரும் அவளைத் தூக்கிவைத்திருக்கிற படம்.

"அடிபொளி! பிரமாதம்!" என்று கத்தினாள் என் மகள். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சத்தம் அடங்கி ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டாள். முகத்தில் சந்தோஷம் இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. தான் இல்லாமலும் நடக்கும் என்று தெரிந்துகொண்டவர்களின் முகம் அது. நான் தோளில் கை வைக்கலாமா என்று யோசித்து, வைக்காமல் இருந்தேன்.

கொல்லம் தாண்டும்போது அந்தச் சின்னப் பிள்ளைக்கு ஃபோன் போட்டாள். "ரெண்டாவது பெனால்டி எந்தப் பக்கம் வந்தது?" என்று மலையாளத்தில் கேட்டாள். பதிலைக் கேட்டுக்கொண்டே தன் வலது கையைக் காற்றில் மெதுவாக நீட்டிப் பார்த்தாள்.